ஒரு விரற்கடை கழித்து

அன்றைக்கு அந்த ஆட்டக் கட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன் சார், அப்புறம் குழப்பம் வராது. சக்கர நாற்காலியில் என் மகள் எழிலரசி. பக்கத்துச் சதுரத்தில் பஞ்சாப் பெண் சிம்ரன்ஜீத், அவளுக்கு உதவியாக அவளுடைய அம்மா. நடுவர் ஒருவர், கோட்டைப் பார்க்க ஒருவர், கடிகாரத்துக்கு ஒருவர். எங்கள் பயிற்சியாளர் செல்வகணபதி சார். அவர்கள் பக்கத்துப் பயிற்சியாளர், தலைப்பாகைக்காரர். எட்டு ஆயிற்றா. ஒன்பதாவது, என் மகளுக்கு எதிரே நான் உட்கார வேண்டிய முக்காலியில், பெனிட்டா. நான் பத்தாவது. ஆனால் என்னைச் சேர்க்கக்கூடாது. நான் மேலே, கம்பிக்குப் பின்னால், வேடிக்கை பார்க்கிறவர்களோடு இருந்தேன். அவர்களை நான் எண்ணவில்லை.

நீங்கள் நாக்பூரில் ஏறினதிலிருந்து பார்க்கிறீர்கள். வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் இந்த ஆள் இறங்கி ஓடுகிறான், ஊதினதும் மூச்சு வாங்க வந்து ஏறுகிறான். கேட்டும்விட்டீர்கள். நான் பேசுகிறவன் இல்லை. கடைக்கு வருகிறவர்களிடமே அளவைத் தவிர வேறு பேசமாட்டேன். ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

மகள் முன்னால், எஸ்-ஒன்றில் இருக்கிறாள். மாற்றுத்திறனாளிக்கு ஒரு படுக்கை, கூட வருகிறவருக்கு ஒரு படுக்கை. போபாலுக்குப் போகும்போது அந்தக் கூட வருகிற ஆள் நான், பெனிட்டா இங்கே, நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில். திரும்பும்போது மகள் மாற்றிவிட்டாள். நடுவில் ஏசி பெட்டிகள், கதவைத் தாழ்போட்டுவிடுகிறார்கள். ஸ்டேஷன் வந்தால்தான் எனக்கு வழி. போன ஸ்டேஷனில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ஓடினேன். சாப்பிட்டாயிற்றாம். அதற்கு முந்தின ஸ்டேஷனில் முதுகுக்குத் தலையணை சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். சரியாகத்தான் இருந்தது. "அப்பா, நீங்க போய்ப் படுங்க" என்றாள்.

விளையாட்டின் பெயர் போச்சியா. கை கால் வசப்படாதவர்களுக்கென்றே ஏற்பட்ட விளையாட்டு. கையில் அடங்குகிற தோல் பந்து. ஒருவருக்குச் சிவப்பில் ஆறு, இன்னொருவருக்கு நீலத்தில் ஆறு, பொதுவில் வெள்ளை ஒன்று. வெள்ளையை முதலில் உருட்டிவிட வேண்டும். யாருடைய பந்து அதற்கு மிக அருகில் நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. நாலு சுற்று. குழந்தைகள் கோலி ஆடுவது போல என்று நானும் முதலில் நினைத்தேன். இல்லை.

எழிலுக்குக் கையால் எறிய வராது. பிறக்கும்போதே மூளைக்குக் காற்றுப் போதவில்லை என்றார்கள். பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். நெற்றியில் ஒரு பட்டை, அதில் ஒரு கம்பி. எதிரே ரேம்ப் என்று ஒரு சாய்வான தடம். உச்சியில் நான் பந்தை எடுத்து வைப்பேன், அவள் கம்பியால் அதை முட்டுக்கொடுத்து நிறுத்துவாள், தலையை எடுத்தால் பந்து உருண்டு போகும். தடத்தை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவள் சொல்ல வேண்டும், நான் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நான் கட்டத்தைப் பார்க்கக்கூடாது. அது விதி. கட்டத்துக்கு முதுகைக் காட்டி அவள் முகத்தைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டும். பந்து போகும்போது வாயைத் திறக்கக்கூடாது, சாடை காட்டக்கூடாது. ஆட்டம் அவளுடையதாம், நான் கருவியாம். அப்படித்தான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆறு வருஷம் சார். ஜில்லா, மாநிலம், தேசிய அளவில் இது மூன்றாவது. என் மகளின் ஒரு பந்து போய் நின்றதை நான் பார்த்ததில்லை. முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். கண் சுருங்கினால் பந்து குறை. உதடு ஒரு பக்கம் போனால் விலகிவிட்டது. சிரித்தால் சிரிப்பு. வேறு எந்த அப்பன் தன் பெண்ணின் முகத்தை இப்படி உட்கார்ந்து பார்த்திருப்பான், சொல்லுங்கள்.

எனக்குக் காஞ்சிபுரத்தில் அலுமினியக் கதவு ஜன்னல் கடை இருந்தது. முதல் ரேம்ப்பை நானே செய்தேன், பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் அறுத்து, ஜன்னல் சட்டத்தில் பொருத்தி. பயிற்சிக்குக் காலையும் மாலையும் கூட்டிப்போக வேண்டும் என்று ஆனபோது கடையை மைத்துனரிடம் விட்டேன். அப்புறம் அதுவும் நடக்கவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை. வேலை என்று இருந்தால் இதுவும் வேலைதான். இதற்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அளவுக்கு நாங்கள் விரற்கடை வைத்துக்கொண்டோம். கடையில் நாங்கள் அளக்கிற அங்குலம், நூல் கணக்கு அவளுக்குச் சொல்ல நேரமாகும். இடது ஒன்று, வலது இரண்டு என்பாள், நான் தடத்தின் வாயை அத்தனை விரற்கடை தள்ளுவேன். இங்கே ஒரு விரற்கடை தள்ளினால் அங்கே போய் ஒரு சாண் விலகும்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளை எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். சின்ன வயதிலிருந்தே அப்படி. வலிக்கிறது என்றால் பாதிதான் வலிக்கும். முதல் வருஷம் பயிற்சியில் மூன்று என்றாள், மூன்று தள்ளினேன், உதடு ஒரு பக்கம் போயிற்று. மறுபடி மூன்று, மறுபடி அப்படியே. அடுத்த தடவை மூன்று என்றபோது நான் இரண்டு தள்ளினேன். முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு விரற்கடை கழித்துத்தான் தள்ளுகிறேன். இரண்டு என்றால் ஒன்று. நாலு என்றால் மூன்று. ஒன்று என்றால் தொட்டது மாதிரி தொட்டுவிட்டு விட்டுவிடுவேன். அவளிடம் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பந்து சரியாகப் போகிறது, பதக்கம் வருகிறது.

சரி, போபாலுக்கு வருகிறேன். இந்தத் தடவை தங்கம் வாங்கினால் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இவளைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. சம்பளம் உண்டு, விடுதி உண்டு, உதவிக்கு ஆளும் அவர்களே போடுவார்கள். வெள்ளி என்றால் கிடையாது. ஒரே இடம்தான். இவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தன் அம்மாவிடம் அந்த விடுதியின் வாசலில் சாய்தளம் இருக்கிறதா, குளியலறைக் கதவு அகலமா என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். நான் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். எனக்குக் கவலை வரக்கூடாது என்றுதான்.

அரையிறுதியில் ஒன்று நடந்தது. இவள் பந்து விட்டாள். எனக்குப் பின்னால் கூட்டம் மொத்தமாக மூச்சை இழுத்தது. இவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணும் சுருங்கவில்லை, உதடும் போகவில்லை. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். எத்தனை வருஷம் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமலே உட்கார்ந்திருப்பது? பார்த்தேன். நடுவர் கையைத் தூக்கிவிட்டார். எதிராளிக்கு ஒரு பந்து கூடுதல். கடைசியில் ஒரே புள்ளியில் தப்பித்தோம்.

அன்று சாயங்காலம் தங்கியிருந்த அறைக்குச் செல்வகணபதி சார் வந்தார். எழிலுக்கு எப்படி இருக்கிறது, நாளைக்கு இறுதிப் போட்டிக்கு மனசு தயாரா என்று என்னைக் கேட்டார். தயார்தான் சார், கொஞ்சம் பயந்திருக்கிறாள் என்றேன்.

"சார், என்னைக் கேளுங்க" என்றாள் எழில்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் சொல்லி முடிக்க நேரமாயிற்று. நடுவில் இரண்டு தடவை நான் முடித்துக்கொடுக்கப் பார்த்தேன், கேட்கவில்லை. நாளைக்குப் பெனிட்டா உட்காரட்டும் என்றாள். பெனிட்டா தூத்துக்குடிப் பெண், உடற்கல்வி படித்தவள், மாற்று ஆள் என்று பெயர் கொடுத்துக் கூட வந்தவள். அதுவரை எழிலுக்கு ஒரு பந்துகூட எடுத்து வைத்ததில்லை. நான் முக்காலியை விட்டு எழுந்தால்தானே.

திரும்பிப் பார்த்ததற்காகத்தான் என்று நினைத்தேன். ஒரு தடவை சார். ஒரே தடவை. இனிமேல் திரும்பமாட்டேன் என்று சொன்னேன்.

"அதுக்கு இல்லப்பா. ஒரு தடவை நீங்க மேல உக்காந்து நான் ஆடுறதப் பாருங்க. நீங்க பார்த்ததே இல்லையே."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே போ என்பதை இதைவிட நன்றாக எப்படிச் சொல்வது?

ஆக, மறுநாள் நான் மேலே. ஆட்டம் தொடங்கியது. எழில் ஏதோ சொன்னாள். பெனிட்டா காதைக் கிட்டே கொண்டுபோய், "இன்னொருக்கா சொல்லுங்கக்கா, வெளங்கல" என்றாள். எனக்கு மேலே வரைக்கும் கேட்டது. நான் ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. பாதி சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிடும். இவள் மறுபடி சொன்னாள், இடது மூணு என்று. பெனிட்டா இடது மூணு தள்ளினாள். அப்படியே மூணு சார், குறைக்காமல்.

பந்து விலகிப் போயிற்று. வெள்ளைக்கும் அதற்கும் ஒரு சாணுக்கு மேல். அடுத்தது வலது இரண்டு, அதுவும் அந்தப் பக்கம் தாண்டிப் போயிற்று. மூன்றாவது கோட்டுக்கே வெளியே. பஞ்சாப் பெண் நிதானமாக மூன்று பந்தை வெள்ளையைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். முதல் சுற்று பூஜ்யம், மூன்று.

எனக்கு மட்டும்தான் சார் தெரியும், ஏன் விலகுகிறது என்று. அந்த அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. பந்து விடுகிற என் மகளுக்கே தெரியாது. எழுந்து இறங்கப் போனேன். படிக்கட்டில் அடையாள அட்டை போட்ட ஒருவர் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். இந்தியில் என்னவோ சொன்னார். என் கழுத்திலும் அட்டை இருந்தது, ஆனால் அதைக் காலையிலேயே வேறு நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. கடையில் கண்ணாடி விழுந்து உடைந்தால்கூடச் சத்தம் போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். செல்வகணபதி சார் கம்பிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் விடுவார்கள், அப்போது பயிற்சியாளர் பேசலாம்.

"சார், அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. எழில் சொல்றதுல ஒரு விரற்கடை கழிச்சுத் தள்ளச் சொல்லுங்க."

அவருக்குப் புரியவில்லை. நான் குனிந்து விளக்கமாகச் சொன்னேன். மூணுன்னா ரெண்டு, ரெண்டுன்னா ஒண்ணு, நான் அப்படித்தான் பண்ணுவேன்.

அவர் அண்ணாந்து என்னையே பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"ஆரம்பத்துலேர்ந்து சார்."

நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கட்டத்துக்குள் போனார். பெனிட்டாவிடம் போகவில்லை. எழிலிடம் போய் முழங்காலிட்டுச் சொன்னார். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு அண்ணாந்து நான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள்.

அவள் முகம் எனக்கு அத்துப்படி என்று சொன்னேன் இல்லையா. அந்த முகம் எனக்குத் தெரியாத முகம். கோபம் என்று சொல்லமுடியாது. கண் சுருங்கவில்லை. ரொம்ப நாள் எதையோ தேடிவிட்டு, அது பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருக்கக் கண்ட மாதிரி ஒரு பார்வை. தூரம் வேறு. எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது சுற்று. இவள் வாயைத் திறந்தாள், பாதியில் நிறுத்தினாள். மூணு என்று சொல்ல வந்து விழுங்கினாள் என்று நினைக்கிறேன். அப்புறம், "ரெண்டு" என்றாள். பெனிட்டா இரண்டு தள்ளினாள். பந்து போய் வெள்ளையின் மேல் சாய்ந்து நின்றது.

அப்படிப் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது சார். உருண்டு போகிற பந்து கடைசியில் வேகம் குறைந்து, நிற்பதா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி தயங்கி நிற்கிறது. முகத்தில் அதெல்லாம் தெரியாது.

அந்தச் சுற்றில் இரண்டு புள்ளி. மூன்றாவது சுற்றில் ஒன்று. மூன்றுக்கு மூன்று. இப்போது நீங்களே சொல்லுங்கள். நான் கத்தியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? மீதி மூன்று சுற்றும் முதல் சுற்று மாதிரியே போயிருக்கும். தங்கம் என்னால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவராவது அதைச் சொல்லியிருக்கலாம். ரயிலடிக்கு வரும் வழியில் செல்வகணபதி சார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது மட்டும், "அவ ஆறு வருஷமா உங்களுக்குத் தகுந்த மாதிரி கூட்டிச் சொல்லிப் பழகியிருக்கா, ஏகாம்பரம்" என்றார். அதைத்தானே நானும் சொல்கிறேன், பிள்ளை கூட்டித்தான் சொல்லும் என்று.

பரிசு கொடுத்த பிறகு உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் மைக்கை நீட்டினார். வழக்கம்போல நான் பக்கத்தில் போய் நின்று பதில் சொல்லத் தொடங்கினேன். எல்லா ஊரிலும் நான்தான் சொல்வேன், அவளுக்குச் சிரமம் வேண்டாம் என்று. பெனிட்டா என் முழங்கையைத் தொட்டு, "அக்காவே சொல்லட்டும்பா" என்றாள். மைக்கைப் பிடித்தவர் கை வலித்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார், ஆனால் நின்றார். செல்வகணபதி சார் இந்தியில் எடுத்துச் சொன்னார். கூட்டம் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒளிபரப்பும்போது பார்க்கலாம் என்றால் அந்தச் சானல் நம் ஊரில் வராதாம்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சென்னையில் சேருகிறாள். பெனிட்டாவும் அங்கேயே உதவிக்கு வருகிறாள். "இனிமே நீங்க கடையத் திறக்கலாம்பா" என்றாள் நேற்று, சந்தோஷமாகத்தான் சொன்னாள். கடை எங்கே இருக்கிறது? ஷட்டர்தான் இருக்கிறது. மைத்துனர் அதில் தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார். காலையில் எழுந்தால் பயிற்சி, சாயங்காலம் பயிற்சி, இதுதான் எனக்குத் தெரியும். அதனால் ஒன்று செய்திருக்கிறேன். அந்த விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை, தெரிந்தவர் மூலம் போனிலேயே பேசி முடித்துவிட்டேன். மாடியிலிருந்து பார்த்தால் விடுதி வாசல் தெரியுமாம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. போனதும் தெரிந்துகொள்ளட்டும். ஆச்சரியப்படுவாள்.

வண்டி வேகம் குறைகிற மாதிரி இருக்கிறது. இல்லை, வளைவு.

நாலாவது சுற்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன் பாருங்கள். அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை, அதனால் தள்ளிப்போட்டிருப்பேன். மூன்றுக்கு மூன்று. எழிலின் சிவப்பு ஒன்று வெள்ளையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பஞ்சாப் பெண் அதைத் தட்டிவிடப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டு, ஆறையும் தீர்த்துவிட்டாள். அவளுடைய அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், பந்து தீர்ந்ததும் மகள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் மகளின் வாயைத் துடைத்தாள். தெரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

எழில் பக்கம் இன்னும் பந்து இருந்தது. விட்டால் இன்னொரு புள்ளி வரும். நானாக இருந்தால் அவள் கேட்பதற்கு முன்னாலேயே அடுத்த பந்தை உச்சியில் எடுத்து வைத்திருப்பேன். கையில் இருக்கிற பந்தை எதற்கு விடாமல் வைத்திருப்பது? எல்லா ஆட்டத்திலும் ஆறையும் வைத்திருக்கிறேன், ஆறையும் விட்டிருக்கிறாள். பெனிட்டா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்துப் பெட்டியின் பக்கமே போகவில்லை. எழில் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து வை, எடுத்து வை என்று நான் மேலேயிருந்து முணுமுணுத்தேன். பக்கத்திலிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எழில் கட்டத்தைப் பார்த்தாள். தன் சிவப்பையும் வெள்ளையையும் நன்றாகப் பார்த்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. அப்புறம் நடுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அவர் குனிந்து மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். "போதும்."

நடுவர் கையை அசைத்தார். கடிகாரத்தை நிறுத்தினார்கள். கூட்டம் எழுந்து கைதட்டியது, பெனிட்டா அப்போதுதான் திரும்பிக் கட்டத்தைப் பார்த்தாள், எல்லோரும் எழிலைப் பார்த்தார்கள். நான் பந்துப் பெட்டியைப் பார்த்தேன்.

விடாமல் மிச்சம் இருந்தது, இரண்டு.